புளியமரத்தோடு நின்றுபோன மசோதா

எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் மரம் வெட்ட ஆள் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள். "தெய்வசிகாமணியக் கூப்புடு" என்பார்கள். கூரைமேல் சாய்ந்து நிற்கிற வேப்பமரத்தை ஓடு ஒன்றுகூட உடையாமல் இறக்கிக் கொடுப்பார். கை அப்படி. வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அரை ஏக்கர் வாரத்து நிலம், பெண்டாட்டி லட்சுமியம்மாள், ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வி, இவ்வளவுதான் அவர் உலகம். இந்த மனுஷனுக்கும் சட்டசபைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருந்தது. அந்தச் சம்பந்தம்தான் அவரைக் கடைசிவரை உள்ளுக்குள் அரித்தது.

கல்வராயன் மலைக்கு அவர் பலாமரம் அறுக்கப் போவதுண்டு. ஒரு தடவை கரியாலூருக்கு மேலே ஒரு கொல்லையில் மரம் சறுக்கி அவருடைய வலது காலில் விழுந்துவிட்டது. பக்கத்தில் பஸ்ஸும் இல்லை, வைத்தியரும் இல்லை. கொல்லைக்குச் சொந்தக்காரர் அம்மாசி. அவர்தான் மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்து, தம்பிமாரோடு தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊர் திரும்பினார். "இந்தக் காலு இன்னும் மண்ண மிதிக்குதுன்னா அது அம்மாசி போட்ட பிச்ச" என்று தெய்வசிகாமணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். கூடப்பிறந்த தம்பி இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது.

அம்மாசிக்கு ஒரே ஒரு கவலை. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து சாமை விதைத்த கொல்லை அது. ஆனால் பட்டா கிடையாது. மலை முழுவதும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தபோது அவர்களுக்கு விளைச்சலில் ஒரு பங்கை மேல்வாரமாகக் கொடுத்தார்கள். ஜாகீர் போன பிறகு நிலம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வந்தது. காடு என்றார்கள், புறம்போக்கு என்றார்கள். "நாளைக்கு வேலி போட்டா எங்க அண்ணே போவேன்?" என்பார் அம்மாசி.  அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா தெய்வசிகாமணி?

நேரே போய் எம்.எல்.ஏ. ஆதிமூலத்தின் வீட்டு வாசலில் நின்றார். ஆதிமூலம் எதிர்க்கட்சி. நல்ல மனுஷன், மாலைக்கும் சால்வைக்கும் கொஞ்சம் ஆசைப்படுவார், அவ்வளவுதான். "மலையில ஓட்டு கம்மின்னுதானுங்க யாரும் ஏறிப் பாக்கறதில்ல. நீங்க ஏறிப் பாருங்க, ஓட்டு தானா எறங்கி வரும்" என்று தெய்வசிகாமணி சொன்னதில் ஆதிமூலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. விட்டாரா மனுஷன்? ஒவ்வொரு தடவையும் அம்மாசியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். தொல்லை தாங்காமலோ, மனசு இளகியோ, ஆதிமூலம் ஒரு மசோதா எழுதினார். மலையில் தலைமுறையாக உழுகிறவனுக்கு அந்த நிலத்தைப் பட்டா செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். மந்திரி கொண்டுவந்தால் அது அரசாங்க மசோதா. அதன் பின்னால் ஆளுங்கட்சி மொத்தமும் நிற்கும். மந்திரியல்லாத ஒருத்தர் கொண்டுவந்தால் அது தனி உறுப்பினர் மசோதா. அதற்கு ஒதுக்குகிற நாளே அபூர்வம். அந்த நாளிலும் யாருடையதை முதலில் எடுப்பது என்று குலுக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். அது சட்டமாவது குதிரைக்கொம்பு. ஆனாலும் ஆதிமூலத்துக்கு நம்பிக்கை இருந்தது. சம்பந்தப்பட்ட மந்திரி, "நீங்க சபையில பேசுங்க, நான் எதிர்க்கல, தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தாராம்.

மசோதா அறிமுகமான அன்று சாயங்காலம் ரேடியோவில் ஒரு வரி வந்தது. கல்வராயன் மலை விவசாயிகளுக்குப் பட்டா வழங்க வகைசெய்யும் மசோதா சட்டசபையில் அறிமுகம் செய்யப்பட்டது என்று. தெய்வசிகாமணி டீக்கடையிலேயே எழுந்து குதித்தார். சட்டம் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் சபை என்றால் சபைதான். ஊர் கூடி, வெற்றிலை பாக்கு வைத்து, பத்துப் பேர் நடுவில் ஒரு சொல் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அப்புறம் மாற்றிப் பேசுகிறவனுக்கு ஊரில் பொண்ணு கொடுக்க மாட்டார்கள். ஊர்ச் சபைக்கே அந்த மரியாதை என்றால் மெட்ராஸில் இருக்கிற சபைக்கு எவ்வளவு இருக்கும்? சபையில் சொல்லியாகிவிட்டது, இனி என்ன என்றுதான் அவருக்குப் பட்டது. அதே வேகத்தில் மலையேறிப் போய் அம்மாசியைக் கட்டிக்கொண்டார்.

"சட்டம் வந்துடுச்சி அம்மாசி! இனி ஒருத்தனும் ஒன் கொல்லையத் தொட முடியாது."

"நெசமாவா அண்ணே?"

"ரேடியோல சொல்லிட்டான்டா, அப்புறம் இன்னா?"

உடனே எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று கிளப்பிவிட்டவரும் அவர்தான். நம் ஆட்களுக்குப் பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைக்காவிட்டால் தூக்கம் வராது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவருடைய மகள். செந்தமிழ்ச்செல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் மார்க்கில் இடம் தவறிப்போனது. அந்தப் பெண் பாடப் புத்தகங்களை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அது இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்த எண்பதுகளின் பின்பாதி. ஊருக்கு ஊர் அவருடைய சாதிச் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். தனி ஒதுக்கீடு கிடைத்தால்தான் நம் பிள்ளைகள் படிக்கும், வேலைக்குப் போகும் என்று அவர்கள் பேசியதெல்லாம் தெய்வசிகாமணிக்குத் தன் மகள் முகத்தைப் பார்த்துப் பேசியது மாதிரியே இருந்தது. சாலை மறியல் என்று அறிவித்தார்கள். வண்டி போகாமல் இருக்க ரோட்டோர மரங்களைச் சாய்ப்பது என்று பேச்சு. மரம் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? சொல்ல வேண்டியதில்லை.

மறியலுக்கு முந்தின நாள் கரியாலூரில் பாராட்டு விழா. ஆதிமூலம் ஜீப்பில் வந்து இறங்கினார். மேளம் என்ன, மாலை என்ன, சால்வைக்கு மேல் சால்வை என்ன! "எங்களுக்குச் சட்டம் கொடுத்த ஐயா" என்று ஒரு பெரியவர் அவர் காலில் விழப்போனார். அந்த நிமிஷத்திலாவது ஆதிமூலம் மைக்கைப் பிடித்து, "ஐயா, இது இன்னும் சட்டம் ஆகவில்லை, வாசலில்தான் நிற்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே மாலையை வாங்கினார்.

தெய்வசிகாமணிக்கு விடிந்தால் மறியல் வேலை. மத்தியானமே கிளம்பிவிட்டார். போகும்போது அம்மாசியிடம், "வந்த மனுஷன வெறுங்கையோட அனுப்பிடாத. ஆடு அடிச்சி, கோயிலுக்குக் கூட்டிகினு போயி, ராத்திரி தங்க வச்சி அனுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். ஆதிமூலம் அன்று சாயங்காலமே புறப்பட நினைத்திருந்தார். மறுநாளுக்கு மறுநாள் சபையில் அவருடைய மசோதா எடுக்கப்போகிற நாள். மலைக்காரர்கள் விடவில்லை. விடிகாலையில் கிளம்பினாலும் மறியல் சூடு பிடிக்குமுன் தாண்டிவிடலாம் என்று அவரும் தங்கிவிட்டார்.

மறுநாள் காலை எலவனாசூர்கோட்டையைத் தாண்டி ரோட்டில் புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. தெய்வசிகாமணி வெட்டியது. பெரிய மரம். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு சைக்கிள் நுழைய இடமில்லாமல் படுத்திருந்தது. கூட்டம் அவரைத் தோளில் தூக்காத குறை. சங்கத்து இளைஞன் தமிழரசன், "மாமா கை வச்சா மரமே கும்புட்டு விழுது" என்று கத்தினான். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு விஷயம் நடந்திருந்தது. பால் வண்டி ஒன்றை யாரோ ஒருத்தர் பரிதாபப்பட்டு வயல் வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார். அவரைச் சூழ்ந்துகொண்டு, "காட்டிக் குடுக்கிறியா? ஒனக்குப் புள்ள குட்டி இல்ல?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார்கள். வயசான மனுஷன். அழாத குறையாக வீட்டுக்குப் போனார். அதைத் தெய்வசிகாமணி கண்ணால் பார்த்தார்.

அப்போதுதான் ஆரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. கழுத்தில் வாடிய மாலையோடு ஆதிமூலம் இறங்கினார்.  இந்த மனுஷன் விடியுமுன்னே தாண்டிப் போயிருப்பார் என்றுதான் தெய்வசிகாமணி நினைத்திருந்தார்.

ஆதிமூலம் கும்பிட்டபடியே தமிழரசனிடம் போனார். "தம்பி, ஒங்க கோரிக்கைக்கு நான் எதிரி இல்லப்பா. நாளைக்கு சபையில என் மசோதாவ எடுக்கறாங்க. பேரு கூப்புடும்போது நான் எழுந்து நிக்கணும். நான் இல்லன்னா அடுத்ததுக்குப் போயிடுவாங்க. அவ்வளவுதான், கத முடிஞ்சிடும்."

"நீங்க எம்மெல்லே, பறந்து போங்க" என்றான் தமிழரசன். கூட்டம் சிரித்தது.

தெய்வசிகாமணி கேட்டுக்கொண்டுதான் நின்றார். எடுக்கப்போகிறார்களா? அப்படியானால் இன்னும் முடியவில்லையா? ரேடியோவில் சொன்னது பின்னே என்ன? அதற்குள் ஜீப்பின் பின்னாலிருந்து இன்னொரு ஆள் இறங்கினார். புதுச் சட்டை, புது வேட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. அம்மாசி. அவர் கொல்லைக்கான மசோதாவைச் சபை எடுப்பதைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று ஆதிமூலம் அவரைக் கூட்டிவந்திருக்கிறார். அம்மாசி பிறந்ததிலிருந்து விழுப்புரம்கூடப் பார்த்தவர் இல்லை.

அம்மாசி கோடாலியைப் பார்த்தார். பிறகு தெய்வசிகாமணியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், மலர்ந்துதான் போனது. தெரிந்த ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். நேரே வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணே! நல்ல நேரத்துல நீ இருந்த. அந்த நுனிப் பக்கம் ரெண்டு வெட்டு வெட்டி நவுத்திட்டா ஜீப்பு போயிடும். நான் புடிச்சிக்கிறேன், நீ வெட்டு."

முடியாத காரியம் இல்லை. அவர் கைக்குக் கால் மணி நேர வேலை.

"யாரு மாமா இவுரு? ஒங்களுக்கு வேண்டியவரா?" என்றான் தமிழரசன். கூட்டம் மொத்தமும் திரும்பியது. பால் வண்டியைத் திருப்பிவிட்டவரின் சட்டையைப் பிடித்த அதே ஆட்கள் முன்வரிசையில் நின்றார்கள்.  தெய்வசிகாமணிக்கு மகள் முகம் வந்து போனது. நாளைக்கு இதே ஊரில்தான் அவள் வாழ வேண்டும்.

அவர் கையை உருவிக்கொண்டார்.

"யாரோ மலையாளு. மரம் வெட்டப் போனப்ப எங்கனா பாத்திருப்பான்" என்றார்.

  அம்மாசி திரும்பிப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆதிமூலமும் எல்லாவற்றையும் பார்த்தார். தெய்வசிகாமணியைத் தெரியும் என்று அவரும் காட்டிக்கொள்ளவில்லை. மணலூர்பேட்டை வழியாகவாவது சுற்றிப் போகலாம் என்று ஜீப்பைத் திருப்பினார்கள். அந்த வழியிலும் மரம் கிடந்தது. மெட்ராஸுக்கு வேறு வழி இல்லை.

அன்றைக்கே போலீஸ் வந்தது, தடியடி நடந்தது, தெய்வசிகாமணி உட்படப் பல பேரை வண்டியில் ஏற்றினார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் ஆதிமூலத்தின் வீட்டுக்குத்தான் போனார்.

"இன்னா ஆச்சுங்க?"

"பேரக் கூப்புட்டாங்க. ஆள் இல்ல. அடுத்ததுக்குப் போயிட்டாங்க" என்றார் ஆதிமூலம்.

அன்றுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. ரேடியோவில் சொன்ன அறிமுகம் என்பது மசோதா உள்ளே வர அனுமதி கேட்பது மட்டும்தானாம். அதற்குப் பிறகு இதன் நோக்கம் சரிதானா என்று சபை பேச வேண்டும். வேண்டுமென்றால் தெரிவுக்குழுவுக்கு அனுப்பி அலசுவார்கள். திரும்பி வந்ததும் பிரிவு பிரிவாகப் படித்து, திருத்தம் சொல்கிறவர்கள் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓட்டு எடுக்க வேண்டும். கடைசியில் மொத்தமாக ஒரு தடவை நிறைவேற்ற வேண்டும். அதோடாவது முடிகிறதா என்றால் இல்லை. கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் திருப்பி அனுப்பலாம். காடு கீடு என்று டெல்லிச் சட்டத்தோடு உரசுகிற சங்கதியாக இருந்தால் ஜனாதிபதிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் செய்யலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா? அதற்கும் மேல் அரசிதழில் அச்சாக வேண்டும். நல்லவேளையாக மேலவையை அப்போதுதான் ஒழித்திருந்தார்கள். இல்லாவிட்டால் அங்கேயும் ஒரு தடவை நிறைவேற வேண்டும்.

தெய்வசிகாமணிக்குக் கோபம் பொங்கியது. "இத அன்னிக்கு மேடையில சொல்லியிருக்கக் கூடாதாய்யா? நாங்க மடப்பசங்க, தெரியாம ஆடுனோம். ஒங்களுக்குத் தெரியுமே!"

ஆதிமூலம் தலை குனிந்தார். "அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க தெய்வசிகாமணி. எந்த வாயால சொல்றது? சொல்லிடலாம்னு நெனைக்கறப்பல்லாம் இன்னொரு மால போட்டாங்க."

"இனிமே எடுக்க மாட்டாங்களா?"

"அடுத்த கூட்டத்துல மறுபடி கேட்டுப் பாக்கறேன்."

அடுத்த கூட்டத்தில் குலுக்கலில் அவர் பேர் வரவில்லை. அதற்குள் ஆட்சியில் குழப்பம் வந்து, சபையையே கலைத்துவிட்டார்கள். சபை கலைந்தால் உள்ளே முடியாமல் கிடக்கிற மசோதாக்களும் அதோடு காலாவதி. திரும்ப வேண்டுமென்றால் புதுச் சபையில் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆதிமூலம் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். தொடங்குவதற்கு ஆள் இல்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். தெய்வசிகாமணியின் ஆட்கள் கேட்ட ஒதுக்கீடு கொஞ்ச காலத்தில் வந்தது. முதலில் மசோதாவாகக்கூட வரவில்லை, அரசாணையாக வந்துவிட்டது. செந்தமிழ்ச்செல்விக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. முதல் நாள் புடவை கட்டிப் பள்ளிக்கூடம் போன மகளைப் பார்த்து லட்சுமியம்மாள் அழுதாள். தெய்வசிகாமணிக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை அவரால் முழுசாக விழுங்க முடியவில்லை. சில வருஷம் கழித்து, இடஒதுக்கீட்டைக் காக்கும் மசோதா ஒன்று சட்டசபையில் நிறைவேறி டெல்லிக்குப் போய், ஜனாதிபதி கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஊரே, "பாஸாயிடுச்சி, முடிஞ்சிடுச்சி" என்றபோது அவர் மட்டும், "கையெழுத்து ஆவட்டும், அப்புறம் பேசு" என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தவனுக்குத்தானே தும்பின் அருமை தெரியும்.

மலையில் அளவுக்காரர்கள் வந்தார்கள். பட்டா இல்லாத கொல்லைகள் காட்டு எல்லைக்குள் போயின. அம்மாசியின் கொல்லையும் போனது. தன் சாமைக் கொல்லையிலேயே அம்மாசி தைல மரக் கன்று நடக் கூலிக்குப் போகிறார் என்று சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்ட அன்று தெய்வசிகாமணி சாப்பிடவில்லை. ஆதிமூலம் அன்று சபைக்குப் போயிருந்தால் மட்டும் அது சட்டமாகியிருக்குமா? யாருக்குத் தெரியும். மந்திரி வாக்கு மாறியிருக்கலாம், டெல்லியில் தூங்கியிருக்கலாம். இப்படி எத்தனையோ தடவை தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஒட்டவில்லை. மலையேறிப் போய் அம்மாசியைப் பார்க்கக் கால் வரவில்லை. போகலாம் போகலாம் என்று வருஷங்கள் ஓடின.

கடைசியில் மகள் கல்யாணம்தான் அவரை மலையேற்றியது. தட்டில் தாம்பூலமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு போனார். அம்மாசி குடிசை வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க" என்றார்.

அந்த 'ங்க'வே போதும், தெய்வசிகாமணிக்கு. அம்மாசி அவரை ஒரு நாளும் 'வா' என்பதற்கு மேல் சொன்னதில்லை. இருந்தாலும் வந்த காரியத்தை விடக் கூடாது என்று நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொட்டினார். பாராட்டு விழா வைக்கச் சொன்னது தான்தான், ஆளைத் தங்க வைக்கச் சொன்னதும் தான்தான், மரம் சாய்த்ததும் தான்தான் என்றார். மசோதா எங்கெங்கே போய், யார் யார் கையெழுத்து வாங்கினால் சட்டமாகும் என்று தனக்கு அப்போது தெரியாமல் போனதையும் சொல்லி அழுதார்.

அம்மாசி பொறுமையாகக் கேட்டார்.

"மரத்த வெட்டுனது ஒங்க பொண்ணுக்காக. எனக்கொரு பொண்ணு இருந்தா நானும் வெட்டியிருப்பேன். அத நான் மனசுல வச்சிக்கல. சட்டமும் வந்திருக்குமோ, வந்திருக்காதோ. இத்தன பேரு கையெழுத்து வேணும்னு நீங்களே சொல்றீங்க." மண்வெட்டியைக் கீழே வைத்தார். "யாரோ மலையாளுன்னு சொன்னீங்களே. அதுக்கு மட்டும் யாரு கையெழுத்தும் வேண்டியிருக்கலியே. சொன்ன அன்னிக்கே ஆயிடுச்சி."

  தெய்வசிகாமணி தட்டை நீட்டினார். அம்மாசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கல்யாணம் கோயில்லதானே? வந்து பொண்ணுக்கு அட்சத போட்டுட்டுப் போறேன். ஒங்க வூட்டுக்கு மட்டும் கூப்புடாதீங்க."

சொன்னபடியே வந்தார். செந்தமிழ்ச்செல்வியின் தலையில் அட்சதை போட்டு, நல்லா இரும்மா என்றார். பந்திக்கு நிற்கவில்லை. தெய்வசிகாமணி பின்னாலேயே ரோடுவரை ஓடினார். அதற்குள் அம்மாசி கள்ளக்குறிச்சி பஸ் ஏறிவிட்டார். என் தம்பி போகிறான், வண்டியை நிறுத்துங்கள் என்று கத்த வாய்வரை வந்தது. சுற்றி ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அன்றைக்கும் அவர் கத்தவில்லை.